காணாமற்போன சுந்தரம்



சொப்பனத்தைத் திரையில் காட்டப் புகுந்தவர்கள் புகையையும் மங்கிய ஒளியையும் வாத்திய கோஷத்தையும் துணைக்கழைத்துக்கொள்வதே வழக்கமாயிருக்க, லிஜோ ஜோஸ் பெல்லிச்சேரி என்ற மலையாள இயக்குநர் எடுத்து 2022ஆம் ஆண்டில் முதன்முறையாகத் திரையிட்ட ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ என்னும் படமோ, பழனிப் பக்கத்துக் கிராமமொன்றின் திண்ணைகளிலும் சந்துகளிலும், உச்சி வெயிலில், தேனி ஈசுவரின் காமிரா பெரும்பாலும் ஓரிடத்திலேயே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தன் சொப்பனத்தைச் சாவதானமாக நடத்திக் காட்டிவிடுகிறது.

கதை சொற்பமே. வேளாங்கண்ணி யாத்திரை முடித்து வேனில் ஊர் திரும்பும் மலையாள நாடகக் குழுவினருள் ஜேம்ஸ் என்பவர், சாப்பாட்டு மயக்கத்தில் மற்றவர்கள் கண்ணயர்ந்திருக்கும் வேளையில் விழித்தெழுந்து, வண்டியை நிறுத்தச் செய்து, கொல்லைகளினூடே நடந்து, முன்பின் அறியாத ஒரு வீட்டினுள் பிரவேசித்து, இரண்டாண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரம் என்பவனாகவே சுத்தத் தமிழ்நாட்டுப் பேச்சில் பேசத் தொடங்கிவிடுகிறார். சுந்தரத்தின் மனைவி பூங்குழலி வாயடைத்து நிற்கிறாள். ஜேம்ஸின் மனைவியோ தன் புருஷனை அந்நிய வீட்டு வாசலில் பறிகொடுத்துத் தவிக்கிறாள். ஜேம்ஸாக நடித்து, நடையாலும் குரலாலும் ஒரு மனிதரை இருவராக்கிக் காட்டிய மம்முட்டிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, படத்துக்கும் விருதுண்டு.

மறுநாள் ஓர் உறக்கம். விழித்தால் பழையபடி ஜேம்ஸ். வண்டி புறப்பட்டுவிடுகிறது. ஆவியா, கனவா, நாடகக்காரரின் நாடகமா என்று படம் சொல்லவில்லை. மரணத்தை உறக்கத்துக்கு ஒப்பிட்ட வள்ளுவரை ஆரம்பத்திலேயே நினைவூட்டிவிட்டு, அப்புறம் விளக்கவுரை தர மறுத்துவிடும் இந்தப் பிடிவாதத்தைக் குறையென்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இக்கதை தலைகீழாகப் பரிச்சயமானது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியதன் விளைவாக, லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவைக் காலி செய்து, ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நாம் பெயரிட்ட ரயிலில் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறிப் போன நம்மவர்களில் எத்தனையோ பேர், பாட்டன் சொல்லக் கேட்டதைத் தவிர வேறறியாத கிராமங்களில் போய் நின்றபோது, ஜேம்ஸுக்கு எந்தத் திண்ணை எவருடையதென்று தெரிந்திருந்ததுபோல அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. உரிமையில்லாத வீட்டில் உரிமையோடு நுழைகிறவனைப் படம் காட்டுகிறது. உரிமையிருந்தும் ‘சிலோன்காரன்’ என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டவன் நம் சொந்தக்காரன்.

ஆகையால், ஜேம்ஸுக்கு நேர்ந்தது யாதென்று விமரிசகர்கள் வாதித்துக்கொள்ளட்டும். என் மனத்தை உறுத்துவது, உண்மையான சுந்தரம் எங்கே போனான் என்பதைப் படம் ஒரு வார்த்தையாலும் தீர்த்து வைக்காததுதான். நம் லயங்களில் இப்படத்தைத் திரையிட்டால், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதையும் ஏதாவதொரு கிழவிதான் கேட்பாள்.