கற்கும்போதே தொண்டு

ஓரிக்கையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

கோர்வைப் புடவை நெய்வதை நாம் யாவரும் அறிவோம். தொழில் பயில்பவர் தேர்ந்த நெசவாளருக்குத் துணையாக அமர்ந்து, கரை நாடாவை வீசியே கற்கிறார். முழுப் புடவையையும் அவரிடம் தனியே ஒப்படைப்பதில்லை. மருத்துவக் கல்வியும் அத்தகையதே.

2021-22ஆம் கல்வியாண்டில் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொணர்ந்தது. இதன்படி எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்திற்கு வந்து, சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தசோகை, குழந்தைகளின் தடுப்பூசி ஆகியவற்றை விசாரித்து ஆசிரியரிடம் தெரிவிப்பார்கள்.

அவர்கள் இன்னும் மருத்துவர்கள் அல்லர். மருந்து எழுதித் தருமாறு நாம் வற்புறுத்தலாகாது. ஆயினும், “சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று கதவை அடைப்பதும் தகாது. நாம் மறைக்கும் நோய் நம் வீட்டிலேயே வளரும்.

ஊராட்சியார் வீடுகளுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். மாணவருடன் ஊரறிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். சிகிச்சை தேவைப்பட்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றாரா என்றும் பார்த்தல் அவசியம்.

நீட் தேர்வில் தகுதி பெறும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகளும் நாளை இவ்வாறே வேற்றூர் வாசலில் நிற்பார்கள். இன்று வரும் பிள்ளையை நாம் அன்புடன் வரவேற்போமாக!