புலம்பெயர்ந்த சமூகத்தில் ஒரு பரம்பரை நோய்

 

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய அஷ்கெநாசி யூதர்களிடையே ஒரு கொடிய நரம்பு நோய் காணப்பட்டது. நலமாகப் பிறந்த குழந்தை ஆறு மாதம் வரை சிரித்து விளையாடும். பின்னர் நின்ற தலை துவளும், பார்வை போகும், வலிப்பு வரும், நான்கைந்து வயதுக்குள் இறந்துவிடும். லண்டன் மருத்துவர் வாரன் டே 1881-இலும், நியூயார்க் மருத்துவர் பெர்னார்ட் சாக்ஸ் 1887-இலும் விவரித்தமையால் இது டே-சாக்ஸ் நோய் எனப்பட்டது.

‘யூதர் நோய்’ என்று முத்திரை குத்தினார்கள். குடியேறியோரை வெறுத்தவர்களுக்கு இதுவும் ஒரு சாக்காயிற்று. ஆனால் கியூபெக்கின் பிரெஞ்சு வம்சத்தாரிடமும், லூசியானாவின் கேஜன் மக்களிடமும் இந்நோய் மிகுதியே. சிறு கூட்டமாக இருந்து தமக்குள்ளேயே மணம் முடிப்போரிடம், முன்னோர் ஒருவரின் மரபணுக் குறை தலைமுறைதோறும் பெருகிவிடுகிறது. அஷ்கெநாசி யூதர்களில் ஏறத்தாழ 30 பேரில் ஒருவர் அக்குறையைச் சுமக்கிறார். பொதுமக்களிலோ சுமார் 300 பேரில் ஒருவர். சுமப்பவருக்கு நோய் இராது. தாய், தந்தை இருவருமே சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

1971-இல் மேரிலாந்தில் மருத்துவர் மைக்கேல் கபாக், யூத மதகுருமார்களின் துணையோடு அவர்களது வழிபாட்டுத் தலத்திலேயே இரத்தப் பரிசோதனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அச்சமூகத்தில் இந்நோயுடன் பிறப்போர் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தனர்.

இந்நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டைன் என்னும் மதகுரு, 1983-இல் புரூக்ளினில் தோர் யெஷோரிம் என்ற அமைப்பை நிறுவினார். சம்பந்தம் தடைப்படுமே என்று குடும்பங்கள் நோயை மறைத்த சூழல் அது. அங்கே பரிசோதித்துக்கொள்வோருக்கு எண் மட்டுமே தரப்படும். மணம் பேசும்போது இருவர் எண்களையும் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் கூறுவார்கள். அவரவர் முடிவை அவரவருக்கே சொல்லாதது முறையா என்று கேட்போர் உண்டு. எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் எவர் பெயரும் கெடவில்லை.

நம் ஊரில் டே-சாக்ஸ் இருக்கிறது என்று நான் கூற வரவில்லை. ஆனால் மாமன் மகள், அத்தை மகள், சிறிய தந்தையின் மகள் என்று நெருங்கிய உறவில் நிகாஹ் செய்கிறோம். இத்தகைய மறைந்திருக்கும் குறைகள் இருபுறமும் சேர அங்கே வாய்ப்பு அதிகம். காரணம் தெரியாமல் மழலையிலேயே மறைந்த பிள்ளையோ, வலிப்போடு வாடும் பிள்ளையோ குடும்பத்தில் இருந்தால், தேதி குறித்த பிறகல்ல, பேச்சைத் தொடங்கும் முன்பே மரபியல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். வழி தெரியாதவர்கள் என்னிடம் தனியே வரலாம். பெயர் வெளியே போகாது.