கணக்கு எல்லாருக்கும் தெரியட்டும், கடிதம் நம்மோடு இருக்கட்டும்

(குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கான பயிற்சிக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



தெருவிளக்கு எரியலைன்னாலும், குப்பை வண்டி வரலைன்னாலும் மக்கள் முதல்ல தேடி வர்றது சங்க நிர்வாகிகளான உங்களைத்தான். அதேபோல, வெளியில் சொல்ல முடியாத விஷயமும் உங்களிடம்தான் வருகிறது. "வேலை போயிடுச்சு, மெயின்டெனன்ஸ் கட்ட மூணு மாசம் டைம் கொடுங்க" என்று ஒருவர் எழுதுவார். "கேட்ல நிக்கிறவர் தப்பாப் பேசுறார்" என்று தனியாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் மெயில் அனுப்புவார். "பக்கத்து வீட்ல ராத்திரி அடிக்கிற சத்தம் கேக்குது, என் பேரைச் சொல்லிடாதீங்க" என்று ஒரு வாட்ஸ்அப் வரும்.

இப்படி வருகிற கடிதம் உங்கள் கமிட்டிக்குள் எங்கெல்லாம் போகிறது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

உங்களில் சிலர் உடனே கேட்பீர்கள்: "மேடைக்கு மேடை வெளிப்படைத்தன்மைன்னு பேசுறீங்க, இப்ப ரகசியம் காக்கச் சொல்றீங்களே தம்பி?" நியாயமான கேள்வி. பதில் ரொம்ப எளிது. பொதுப் பணமும் பொது முடிவும் எல்லாருக்கும் சொந்தம். ஒருத்தர் தன் கஷ்டத்தைச் சொல்லி எழுதின கடிதம் அந்த ஒருத்தருக்குச் சொந்தம். பல சங்கங்களில் இது அப்படியே தலைகீழா நடக்குது. லிஃப்ட் ரிப்பேர் கொட்டேஷனைக் கேட்டா "அது கமிட்டி விஷயம்"னு பீரோவில் பூட்டி வைக்கிறோம். ஒரு பெண் கொடுத்த புகாரை மட்டும் சாயங்காலத்துக்குள்ள எல்லா பிளாக்குக்கும் தெரியப்படுத்திடுறோம்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. இன்னொரு பக்கம், அரசையே கேள்வி கேட்க நமக்கு வழி செய்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அதன் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவலுக்கு விலக்கு வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள்.

இன்னொரு சட்டம், கட்டாயம் தெரிஞ்சுக்கணும். காவலாளி, தூய்மைப் பணியாளர், தோட்டக்காரர் என்று ஆட்களை வேலைக்கு வைக்கும் சங்கம், தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனம் மாதிரிதான். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் யார், புகாரில் என்ன இருக்கிறது என்பதை வெளியிடக் கூடாது என்கிறது. புகாருக்கு ஆளானவரின் பெயருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், புகார் கொடுப்பவர் வீட்டு வேலை செய்யும் அக்காவானாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்த வழியை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் வேலை. குரூப்பில் போட்டு "இது உண்மையா?"ன்னு பஞ்சாயத்து வைப்பது நம் வேலை இல்லை.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா பேசலாம். வேணும்னே கெட்ட எண்ணத்தோட கசிய விடுறவங்க குறைவு. பெரும்பாலும் பழக்கத்தில் கசியுது.

கமிட்டி மெயிலை ஃபார்வர்ட் பண்ணும்போது மேலே இருக்கிற இரண்டு வரியைத்தான் பார்க்கிறோம். கீழே பழைய பதில்கள் முழுக்க வால் மாதிரித் தொங்கிக்கொண்டு போகும். "ரிப்ளை ஆல்" அழுத்தினால், யார் மேல் புகாரோ அவரே அந்தப் பட்டியலில் இருக்கலாம். டிரைவில் ஃபைலை வைத்து "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டால், அது பூட்டாத வீடு.

வாட்ஸ்அப் என்கிரிப்ஷன் வழியைத்தான் காக்கும், போய்ச் சேர்ந்த கையைக் காக்காது. "எல்லாருக்கும் நீக்கு" வசதி சுமார் இரண்டு நாள் வரைக்கும்தான். அதற்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அது தொடவே தொடாது. அப்புறம், பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அனுப்புகிறோமே, அந்தக் கடை கம்ப்யூட்டரில் உங்கள் சங்கத்தின் எத்தனை கடிதம் கிடக்கிறதோ?

அதனால் கீழே சொல்லும் 6 விஷயங்களை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள்.

1. புகாருக்கும் தனிப்பட்ட கோரிக்கைக்கும் தனியாக ஒரு மெயில் முகவரி. அதைப் பார்க்க இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் மேலேயே புகார் வந்தால் யாரிடம் போகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

2. கமிட்டிக்குள் பேச வேண்டியிருந்தால் விஷயத்தை மட்டும் பேசுங்கள். "ஒரு குடியிருப்பாளர் அவகாசம் கேட்டிருக்கிறார்" என்றாலே முடிவெடுக்கலாம். பெயரும் கதவு எண்ணும் தேவையானவர்களுக்கு மட்டும் போதும்.

3. மினிட்ஸ் புத்தகத்தில் முடிவை எழுதுங்கள், கதையை எழுதாதீர்கள்.

4. எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பும்போது முகவரிகளை பிசிசி-யில் போடுங்கள்.

5. புது நிர்வாகம் பொறுப்பேற்ற அன்றே சங்க மெயிலின் பாஸ்வேர்ட், ரெக்கவரி ஃபோன் நம்பர் இரண்டையும் மாற்றுங்கள். சாவியை வாங்கிட்டு பாஸ்வேர்டை விட்டுட்டு வர்ற சங்கங்கள் நிறைய.

6. கடிதம் எழுதியவரைக் கேட்காமல் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். "இதைத் தலைவரிடம் காட்டலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் எந்தக் கௌரவமும் குறையாது.

ஒரு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் "ரகசியம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. உதவி செய்ய வேண்டியவர்களிடம் சொல்வது கடமை. வேடிக்கை பார்ப்பவர்களிடம் சொல்வதுதான் துரோகம். அதேபோல, நிர்வாகியின் தவறை மூடி மறைக்க "இது கான்ஃபிடென்ஷியல்" என்ற வார்த்தையைக் கேடயமாக்கவும் விடாதீர்கள். ரகசியம், புகார் கொடுத்தவரின் பாதுகாப்புக்கு. பதவியில் இருப்பவரின் வசதிக்கு இல்லை.

தோழர்களே, ஒரு கடிதம் வெளியே போனால் யாருக்கு இழப்பு என்று யோசிச்சுப் பாருங்க. சொந்த வீட்டுக்காரருக்கு நாலு நாள் சங்கடம். வாடகைக்கு இருப்பவர் வீட்டையே காலி பண்ண வேண்டி வரும். வேலைக்கு வரும் அக்காவுக்கு அந்த மாதச் சம்பளமே போகும். யாருக்குப் பலம் குறைவோ அவர்களுக்குத்தான் அடி அதிகம். சமூக நீதின்னு நாம் பேசுவது சட்டமன்றத்துக்கு மட்டும் இல்லை, நம் தெருச் சங்கத்தின் இன்பாக்ஸுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு தடவை கசிந்தால் அடுத்த பெண் எழுத மாட்டார். புகாரே வரலைங்கிறதால பிரச்சினையே இல்லைன்னு நாமும் நிம்மதியா இருப்போம். ஒரு சங்கத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.



(உங்கள் நகர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள். இதைத் தாராளமாக ஃபார்வர்ட் பண்ணலாம்!)