வாக்குப்பெட்டி யார் கையில்?

சமூக ஊடக நிறுவனங்களின் விதிகளைப் பயனர்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்கின்றனர் சிலர். ஃபேஸ்புக் அதை நடத்தியே காட்டிவிட்டது. பயனர் வெளியேறிய பின்னரும் அவருடைய பதிவுகளைப் பயன்படுத்தும் உரிமை தனக்குத் தொடரும் வகையில் 2009 பிப்ரவரியில் அது விதியைத் திருத்தியது. கடும் எதிர்ப்பால் பின்வாங்கியது. இனி முக்கிய மாற்றங்கள் வாக்கெடுப்புக்கு விடப்படும் என அறிவித்தது. ஆனால் பயனர்களில் 30 சதவீதத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தால்தான் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமாம்!

2012 டிசம்பரில் அந்த வாக்குரிமையையே ஒழிக்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோர் 6,68,872 பேர்; சுமார் 88 சதவீதத்தினர் எதிர்த்தனர். பயனர்களோ நூறு கோடிக்கு மேல். ஒரே வாரத்தில் 30 கோடி வாக்குகள் விழுந்திருக்க வேண்டும். உரிமை ஒழிந்தது. தொழிற்சங்க அங்கீகாரத் தேர்தலில் நிர்வாகமே வாக்குப்பெட்டியை வைத்து, வரம்பையும் வகுத்தால் நாம் ஏற்போமா? ஸக்கர்பெர்க்கின் சிறப்புப் பங்கு ஒவ்வொன்றுக்கும் 10 வாக்குகள் உண்டு. அந்த வாக்குரிமையில் யாரும் கைவைக்கவில்லை.

நம் நாட்டில் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்திற்காக இதே நிறுவனம் தன் பயனர்களிடம் ஆயத்த வாசகத்தைக் கொடுத்து, டிராய்க்கு அனுப்பச் செய்தது. எனினும், இணைய சமத்துவம் கோரிய இயக்கத்தின் அழுத்தத்தால், 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணங்களை டிராய் தடைசெய்தது. ஆகவே பயனர் வாக்குரிமையைச் சட்டத்தில் எழுதக் கோருவோம். வாக்கெடுப்பை நடத்துவது, வரம்பை வகுப்பது இரண்டும் நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்லும் பொது அமைப்பிடம் இருக்கட்டும்.