ரிவ்யூல ஸ்பேஸ் எண்ணாதீங்க

இன்னைக்குத் தலைப்பு கேட்டதும் கொட்டாவி வரலாம்: கோட் ஸ்டைல். டேபா ஸ்பேஸா, பிரேஸ் இந்த லைன்லயா அடுத்த லைன்லயா, அந்த வகையறா. இதை மனுஷங்க பார்க்கிறதை நிறுத்திட்டு, கிட்ல ஒரு மாற்றம் உள்ளே வரும்போதே மெஷினைப் பார்க்க வைக்கிறது எப்படி, அதுல எங்கெல்லாம் சொதப்பும்னு பேசலாம்.

ஸ்டைல்னா வெறும் மேக்கப்னு நினைக்கிறவங்களுக்காக முதல்ல ஒரு பழைய கதை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமா ஐஓஎஸ் 7.0.6 அப்டேட்டை விட்டாங்க. காரணம் ஒரே ஒரு லைன். நீங்க ஒரு சைட்டுக்குப் பாதுகாப்பா கனெக்ட் ஆகும்போது, எதிர்ல இருக்கிற சர்வரோட கையெழுத்து உண்மையானதானு பார்க்கிற ஃபங்ஷன் அது. உள்ளே ஒரு இஃப், அதுக்குக் கீழே "கோட்டூ ஃபெயில்". அந்த லைன் ரெண்டு தடவை இருந்துச்சு. இஃப்புக்கு பிரேஸ் கிடையாது. அதனால முதல் கோட்டூ மட்டும்தான் இஃப்புக்குச் சொந்தம், ரெண்டாவது எப்பவுமே ஓடும். ஓடினா கையெழுத்தைப் பார்க்கிற கடைசி வேலையைத் தாண்டிக் குதிச்சுடும். அந்த நேரத்துல எரர் வேல்யூ பூஜ்யம், அதாவது "எல்லாம் ஓகே". ஒரே வைஃபைல இருக்கிற யாரோ ஒருத்தர் நடுவுல புகுந்து நான்தான் சர்வர்னு நடிக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த ரெண்டாவது லைனும் முதல் லைன் அளவுக்கே உள்ளே தள்ளி அழகா நின்னுச்சு. கண்ணுக்கு ரெண்டும் இஃப்புக்குள்ள இருக்கிற மாதிரிதான் தெரியும். ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தா அந்த லைனை இடது பக்கம் இழுத்துப் போட்டிருக்கும், பார்த்த உடனே உறுத்தியிருக்கும். "பிரேஸ் இல்லாத இஃப் கூடாது"ங்கிற ஒரு ரூலே கத்தியிருக்கும். 2016ல் வந்த ஜிசிசி 6 கம்பைலர்ல, ஏமாத்துற மாதிரி இன்டென்ட் பண்ணின கோடுக்குனு தனியா ஒரு வார்னிங் இருக்கு.

சரி, மனுஷ ரிவ்யூக்கு வருவோம். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, பக்கத்து டீம்ல ஒரு பொண்ணு. காலேஜ் முடிச்சு நாலு மாசம். ரீஃபண்ட் சம்பந்தப்பட்ட ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டாங்க. முப்பது கமெண்ட் இருக்கும். "இங்க ஒரு ஸ்பேஸ்", "இம்போர்ட் வரிசை தப்பு", "சிங்கிள் கோட்ஸ் போடு". மூணு நாள் அதை மட்டும் திருத்தினாங்க. நடுவுல ரெண்டு சீனியருங்க கோட்ஸ் விஷயத்துல அவங்களுக்குள்ளேயே முட்டிக்கிட்டாங்க, அந்தப் பொண்ணு யார் பேச்சைக் கேட்கிறதுனு தெரியாம முழிச்சுட்டு நின்னாங்க. கடைசியில் அப்ரூவ் ஆச்சு. பேமெண்ட் சர்வர் டைம்-அவுட் ஆனா திரும்பவும் ரீஃபண்ட் அனுப்புற ஒரு ரீட்ரை அதுக்குள்ள இருந்துச்சு. முதல் தடவை பணம் போயிருக்குமேனு ஒருத்தர்கூடக் கேட்கல. லைவ் ஆன பிறகு சில கஸ்டமருக்கு டபுள் ரீஃபண்ட். மீட்டிங்ல விரல் யார் பக்கம் நீண்டுச்சுனு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டா, முப்பது கமெண்ட் போட்டவங்களுக்கு "நல்லா ரிவ்யூ பண்ணிட்டோம்"னு ஒரு திருப்தி வந்துடுச்சு. பிரச்சினையே அந்தத் திருப்திதான். ஸ்பேஸைக் கண்டுபிடிக்கிறது ஈஸி, அதனால எல்லாரும் அதைத்தான் கண்டுபிடிப்பாங்க. இன்னொண்ணு, மெஷின் "இங்க ஸ்பேஸ் இல்லை"னு சொன்னா யாரும் கோவிச்சுக்கிறதில்லை. அதையே சீனியர் பத்து பேர் பார்க்க எழுதினா, புதுசா வந்தவங்களுக்கு அடுத்த புல் ரிக்வெஸ்ட் போடவே கை நடுங்கும்.

கோ மொழியில் இதை ஆரம்பத்துலேயே முடிச்சுட்டாங்க. கூட வர்ற "கோஃபம்ட்"ல ஸ்டைலை மாத்த செட்டிங்கே கிடையாது. இன்டென்ட்டுக்கு டேப், அவ்வளவுதான், வாதாட ஆளே இல்லை. பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு பிரிட்டியர், ரெண்டும் கிட்டத்தட்ட அதே மனசு. எந்த ஸ்டைல்னு ஒரு மணி நேரம் பேசுங்க, அதுக்கு மேல பேசாதீங்க.

இப்போ இதை எங்கே மாட்டுறது? எல்லாரும் முதல்ல தொடுறது ப்ரீ-கமிட் ஹூக். கமிட் அடிச்ச உடனே கிட் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும், அது ஃபெயில் ஆனா கமிட் ஆகாது. ஆனா ஹூக் இருக்கிறது டாட் கிட் ஃபோல்டருக்குள்ள. குளோன் பண்ணினா கூட வராது. புதுசா சேர்ந்தவர் மெஷின்ல அது இருக்கவே இருக்காது. இருந்தாலும் "மைனஸ் மைனஸ் நோ வெரிஃபை"னு போட்டா தாண்டிடலாம், வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு எல்லாரும் போடுவாங்க. அதனால லோக்கல் ஹூக்கை ஒரு வசதியா மட்டும் வச்சுக்கோங்க. உண்மையான கேட் சிஐ-ல இருக்கணும், அங்கே பாஸ் ஆகலைன்னா மெர்ஜ் பட்டன் அமுங்கவே கூடாது.

ஹூக் எழுதும்போது ஒரு பொறி இருக்கு. ஃபைல்ல பாதியை மட்டும் ஸ்டேஜ் பண்ணியிருப்பீங்க. ஸ்கிரிப்ட் டிஸ்க்ல இருக்கிற ஃபைலைப் படிச்சு சரின்னு சொல்லும். கமிட்டுக்குள்ள போறதோ ஸ்டேஜ்ல இருக்கிற வெர்ஷன். பார்த்தது ஒண்ணு, போனது இன்னொண்ணு. இதைவிட மோசம், ஹூக்கே ஃபார்மேட் பண்ணிட்டு முழு ஃபைலையும் ஆட் பண்ணிடும். நீங்க வேணும்னே வெளியே விட்டுவச்ச டீபக் பிரிண்ட் எல்லாம் உள்ளே ஏறிடும். ப்ரீ-கமிட்ங்கிற அதே பேர்ல இருக்கிற பைத்தான் டூல், ஸ்டேஜ் ஆகாததை ஓரமா எடுத்து வச்சுட்டுத்தான் செக் ஓட்டும். சொந்தமா எழுதுறதுக்கு பதிலா அதை எடுத்துக்கோங்க.

அடுத்தது பழைய கோட். பத்து வருஷ புராஜெக்ட்ல லிண்டரை ஆன் பண்ணினா ஆயிரக்கணக்குல எரர் கொட்டும். பாதிப் பேர் அன்னைக்கே ஆஃப் பண்ணிடுவாங்க. மீதிப் பேர் ஒரே கமிட்ல எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணுவாங்க. உடனே திறந்திருக்கிற எல்லா பிராஞ்சுலயும் கான்ஃபிளிக்ட், கிட் பிளேம்ல எந்த லைனைத் தொட்டாலும் அந்த ஒரே ஆள் பேரு.

லினக்ஸ் கர்னல் இதுக்கு வேற வழியில் போகுது. அங்கே "செக்பேட்ச்"னு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். பேர்லயே இருக்கு, அது முக்கியமா பார்க்கிறது பேட்சை, அதாவது மாறின லைன்களை. முப்பது வருஷக் கோடை இன்னைக்கே திருத்துன்னு சொல்லாது. நீ இன்னைக்குச் சேர்க்கிறதை ஒழுங்கா சேர்னு சொல்லும். அந்த ஸ்கிரிப்ட் சொல்றதைவிட உன் ஜட்ஜ்மென்ட் பெருசுன்னு அவங்க டாக்குமெண்டேஷனே சொல்லுது. லைன் நீளம் 80ஐத் தாண்டினா கத்திக்கிட்டிருந்ததை 2020ல் 100 ஆக்கினாங்க. ரூல் தொந்தரவு பண்ணினா ரூலை மாத்தலாம், தப்பில்லை.

சி, சி பிளஸ் பிளஸ் ஆளுங்களுக்கு "கிட் கிளாங் ஃபார்மேட்", பைத்தானுக்கு "டார்க்கர்", ரெண்டுமே மாறின லைன்களை மட்டும் ஃபார்மேட் பண்ணும். ஒரு ஃபைல்ல ரெண்டு ஸ்டைல் கொஞ்ச நாள் கலந்து கிடக்கும். கிடக்கட்டும், அடிக்கடி தொடுற ஃபைல்கள் தானா சரியாகிடும். இல்லை, ஒரேயடியா மாத்தித்தான் ஆகணும்னா, ஃபார்மேட்டைத் தனிக் கமிட்டா போடுங்க, லாஜிக்கோட கலக்காதீங்க. அந்தக் கமிட் ஐடியை "டாட் கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ்"னு ஒரு ஃபைல்ல எழுதி வையுங்க. 2019ல் வந்த கிட் 2.23 முதல், அந்த ஃபைலை கான்ஃபிக்ல காட்டிட்டா பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டி, உண்மையில் எழுதினவரைக் காட்டும்.

டீம் லீட் ஒத்துக்கலைன்னா? நாளைக்குக் கமிட் அடிக்கிறதுக்கு முன்னாடி "கிட் டிஃப் மைனஸ் மைனஸ் செக்"னு ஒண்ணு அடிச்சுப் பாருங்க. ஸ்டேஜ் பண்ணிட்டீங்கன்னா கூட "மைனஸ் மைனஸ் கேஷ்டு" சேர்த்துக்கோங்க. லைன் கடைசியில் தொங்குற ஸ்பேஸ், மறந்துபோன மெர்ஜ் கான்ஃபிளிக்ட் குறி, ரெண்டையும் காட்டும். கிட்டோடயே வர்றது, எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம், யார்கிட்டயும் பர்மிஷன் கேட்க வேணாம்.

அடுத்த எபிசோடுல அந்த ரீட்ரை விஷயத்தை எடுத்துக்கலாம். ஒரே ரிக்வெஸ்ட் ரெண்டு தடவை வந்தாலும் பணம் ஒரு தடவைதான் போகணும்னா என்ன பண்ணணும்னு பார்ப்போம். டாட்டா!