உளவளத்துணை: என்ன நடக்கும், என்ன நடக்கக்கூடாது

(மகளிர் அணியினரும் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் வெற்றிலை போட எழுந்து போய்விட்டார்கள். பரவாயில்லை, வாயைத் துப்பிவிட்டு வருவார்கள். விஷயம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வருகிற சனிக்கிழமை நம் பாடசாலைக்கு உளவளத்துணையாளர் ஒருவர் வருகிறார். செய்தி போன அன்றே லயத்துக்கு லயம் பேச்சு ஓடியது, நம் காதிலும் விழுந்தது. "நமக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று ஒருவர். "எல்லாத்தையும் எழுதிக்கொண்டுபோய் தொரைகிட்ட குடுப்பாங்களாம்" என்று இன்னொருவர். "மருந்து மாத்திரை கெடையாதாம், உடம்பை வச்சு என்னமோ செய்வாங்களாம்" என்று மூன்றாமவர். கேட்க வேண்டிய கேள்விகள்தான். போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் யாரும் போக வேண்டாம்.

அதற்கு முன் நம் சங்கம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன், வேலைத்தளத்தில் ஒரு சகோதரிக்கு அநியாயம் நடந்தது. நாம் அவருக்காகத்தான் நின்றோம். ஆனால் நடந்ததை முதலில் தலைவியிடம் சொல்லச் சொன்னோம். பிறகு கமிட்டி முன்னால் சொல்லச் சொன்னோம். பிறகு காரியாலயத்துக்கு அழைத்துப்போய், நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் மறுபடியும் சொல்லச் சொன்னோம். மூன்றாவது தடவை அவருக்குப் பேச்சு வரவில்லை. கை விறைத்துப் போனது, பார்வை சுவரிலேயே நின்றது. "முன்னுக்குப் பின் முரணா சொல்றாங்களே" என்று நம்மில் ஒருவர் முணுமுணுத்தார். கோப்பில் "கேள்விகளுக்குப் பதிலளிக்கவில்லை" என்று எழுதினோம். எழுதிய கை நம்முடையது. அந்தச் சகோதரி அதற்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கு வரவேயில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்பு அந்த மேசைக்கு முன்னால் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றுவிட்டது. இதை அன்றைக்கு நாம் அறிந்திருக்கவில்லை.

ஆபத்து வரும்போது உடம்பு யோசித்துக்கொண்டிருப்பதில்லை. மூளைக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் குரல் கொடுத்தால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே ஏறும், கால் தசை இறுகும், வயிறு வேலையை நிறுத்திவிடும். ஓடலாம், எதிர்த்து நிற்கலாம். இரண்டும் முடியாது என்றால் உடம்பு உறைந்துவிடும். தேயிலைச் செடிக்குக் கீழே நாயிடம் மாட்டிக்கொண்ட முயல் அசையாமல் கிடக்குமே, அதுபோல. இது கோழைத்தனம் கிடையாது, உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆபத்து போன பிறகும் சில பேருடைய காவல்காரன் உட்காருவதில்லை. ஒரு சத்தமோ ஒரு வாசனையோ போதும், மறுபடியும் குரல் கொடுத்துவிடுவான்.

குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அப்படி ஒரு அக்கா, மாதங்கள் கழித்து, பக்கத்து மலையில் புல் வெட்டும் மெஷின் இரைந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். கங்காணி அதைக் கள்ளம் என்றார். அன்றைக்கு அரைப் பேர்தான் விழுந்தது. நம் ஆட்களே சிரித்தார்கள்.

மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடிய நாளிலிருந்தே, மலையகத்தில் மழைச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்த அர்த்தம் இன்னும் பல தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வகுப்பறையில் நாம் பார்க்கிறோம்: வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் புத்தகத்தைப் பையில் போட்டுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் கரும்பலகையில் இருக்கிறது, கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. முன்பெல்லாம் "கவனம் எங்கே?" என்று அதட்டியிருப்போம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

உள்ளே போனதும் உங்கள் கதையை யாரும் கேட்கமாட்டார்கள். இதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும், எங்கே உட்கார விருப்பம், கதவைச் சாத்தலாமா, திறந்தே இருக்கட்டுமா என்பது போன்றவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். கேலிக்குப் பயந்து சின்ன வயதிலிருந்தே ஒதுங்கி வாழ்கிற பிள்ளைகள், ஆண் என்றோ பெண் என்றோ மற்றவர்கள் போட்ட பெயர் பொருந்தாதவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த முதல் கேள்வியே பெரிது. சாதி, கோயிலா சேர்ச்சா, தாலி இருக்கிறதா இல்லையா, எந்தச் சங்கத்துக்குச் சந்தா போகிறது என்பதெல்லாம் அந்த அறைக்குள் வரக்கூடாது. ஆம், கடைசியாகச் சொன்னதும்தான். மற்றச் சங்கத்து ஆட்களும் தாராளமாக வரலாம்.

நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய அழிவு நடந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்வதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆகவே முகாமுக்கு வந்து, கெமராவை முன்னால் வைத்து, "அழுதுகொண்டே சொல்லுங்கம்மா" என்கிறவர்கள் செய்வது உளவளத்துணை ஆகாது.

பிறகு உடம்பைப் பற்றிக் கேட்பார்கள். "இப்போது கால் தரையில் இருப்பது தெரிகிறதா? தோள் எங்கே இருக்கிறது? மூச்சு எதுவரை போகிறது?" கேட்கும்போது சிரிப்பு வரும். நாங்கள் சில ஆசிரியர்கள் ஒரு பயிற்சியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது அடக்கமுடியாமல் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகுதான், தோள் இரண்டும் காது வரை ஏறி நிற்பது தெரிந்தது. எத்தனை வருடமாக அப்படி நிற்கிறதோ! பாதத்தைத் தரையில் அழுத்துவது, அறைக்குள் கண்ணுக்குப் படுகிற ஐந்து பொருட்களைப் பார்ப்பது, கையை இறுக்கிப் பிடித்து மெதுவாக விடுவது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுவது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். ஆபத்து இப்போது இல்லை என்பதைக் காவல்காரனுக்கு வாயால் சொன்னால் விளங்காது, உடம்பின் வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது வெளியிலிருந்து வந்த புதினம் அல்ல. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் என்று மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவற்றைக் கொண்டே அவர்களை ஆற்றுப்படுத்த முயன்றார். நம் கிழவிகள் மட்டும் என்ன, இழவு வீட்டில் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிப்பிடித்து, ஆடி ஆடி ஒப்பாரி வைத்தது எதற்காக? துக்கத்தை உடம்பு தனியாகச் சுமக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்களுக்குத்தான் அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். பந்தலுக்கு வெளியே நிற்கவைத்து, கையில் போத்தலைக் கொடுத்துவிட்டோம். சனிக்கிழமை ஆண்களும் வர வேண்டும் என்று நாம் கெஞ்சுவது அதனால்தான்.

ஆனால் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். "உடம்பு வழி" என்றால் உடம்பைத் தொடுவது என்று அர்த்தமில்லை. தொடாமலேயே எல்லாம் செய்யலாம். கை வைக்க வேண்டிய தேவை வந்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் "வேண்டாம்" என்றால் ஏன் என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. கண்ணை மூடச் சொன்னால் மூடாமலும் இருக்கலாம். கண் மூடினால் பயம் கூடுகிறவர்கள் பலர் உண்டு. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்கு நெஞ்சு இன்னும் அடைக்கும், அதையும் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது. உடம்பு நடுங்கலாம், கொட்டாவி வரலாம், காரணமில்லாமல் கண்ணீர் வரலாம். அதற்கு வெட்கப்பட வேண்டாம். எந்த நிமிடத்திலும் எழுந்து வெளியே வரலாம். முதல் நாளிலேயே "எல்லாம் சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்கிறவரை நம்பாதீர்கள். இந்த வழிக்கு ஆய்வுச் சான்று இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதிர்ச்சியை நேரடியாக எடுத்துப் பேசிப் பயிற்சி தரும் சிகிச்சைகளுக்குச் சான்று கூடுதல். தேவைப்பட்டால் அந்த வழிக்கு அனுப்பத் தெரிந்தவரே நல்ல துணையாளர்.

இன்னொன்று. உடம்பு வலி எல்லாம் மனதிலிருந்து வருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருபது கிலோ கொழுந்தைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிற கழுத்து வலிக்கத்தான் செய்யும். அது பயத்தால் வந்ததல்ல, கூடையால் வந்தது. நெஞ்சு வலி, மயக்கம், கை கால் விறைப்பு என்றால் முதலில் வைத்தியரைப் பாருங்கள்.

அதேபோல், விரிசல் விட்ட லயத்தில் படுத்துக்கொண்டு மழைக்குப் பயப்படுவது நோய் ஆகாது. அது அறிவு. அந்தப் பயத்தை மூச்சுப் பயிற்சியால் அடக்கி, அதே அறைக்குள் நம்மைத் தூங்கவைக்க உளவளத்துணை வரக்கூடாது. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்கிற நம் கோரிக்கை அப்படியேதான் நிற்கிறது. இதைத் துணையாளரிடமும் முன்கூட்டியே பேசினோம். ஆபத்து இன்னும் போகாத இடத்தில் "ஆபத்து போய்விட்டது" என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பது தன் வேலையல்ல என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நமக்கே முழு நம்பிக்கை வந்தது.

இரகசியத்தைப் பற்றி. நீங்கள் பேசுவது துரைக்கும் போகாது, கணக்கப்பிள்ளைக்கும் போகாது, சங்கத்துக்கும் வராது. நாம் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்ற நிலை வந்தால் மட்டும் வெளியே சொல்ல வேண்டி வரும். அதையும் அவர் ஆரம்பத்திலேயே உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வகுப்புக்கு வராமல் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. தாய்க்குச் சிங்களம் தெரியாது, பிள்ளைக்குக் கொஞ்சம் தெரியும். வீட்டில் தாய்க்கு இரவில் என்ன நடந்தது என்பதை அந்தப் பிள்ளை வாயால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் சேவை கேட்பது சலுகை கேட்பதல்ல. பிள்ளைகளை இந்த வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆள் இல்லை என்றால் நம்மைக் கூப்பிடுங்கள், பெரியவர் ஒருவர் கூட வருவார். சனிக்கிழமை வருகிறவர் தமிழ் பேசுகிறவர். அதுவும் நம் பேச்சு விளங்கும் தமிழ்.

ஒரு நாளில் தீராது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு, பல அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" இயங்குகிறது. சிங்களத்தில் மிதுறு பியச என்று பெயர்ப் பலகை இருக்கும். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளின் கொப்பி மட்டையில் எழுதி அனுப்பியிருக்கிறோம், வீட்டில் பாருங்கள்.

இனி ஏற்பாடு. தோட்டத்து ஆபீசில் இடம் தருகிறோம் என்றார்கள், நாம் வேண்டாம் என்றோம். அங்கே போகிறவரை யார் யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கோயில் மண்டபத்தில் வைத்தால் எல்லோராலும் எல்லா நாளும் உள்ளே வர முடியாது. அதனால்தான் பாடசாலை. கதிரைகள் சின்னவை, முழங்கால் வாய்க்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வாசல் படியில்லாத கீழ் வகுப்பறை. சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, இரண்டரை மணிக்குப் பிறகு வந்தால் போதும், யாருடைய பேரும் வெட்டுப்படாது. பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஐந்து மணி வரை வைத்துக்கொள்ள ஆயாம்மா சம்மதித்திருக்கிறார். வருகிறவர்களின் பெயரை வாசலில் எழுதமாட்டோம்.

நாம் சொன்ன அந்தச் சகோதரியின் வீட்டுக்கு, போன கிழமை தலைவியும் நாங்களும் போனோம். கோப்பில் எழுதியது தவறு என்று சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, சனிக்கிழமை கதவு திறந்திருக்குமா, சாத்தியிருக்குமா என்று மட்டும் கேட்டார். வருகிறவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி என்றோம்.