ஒருபுறம் சூடு, ஒருபுறம் குளிர்

குளிர்நாட்டு வீடுகளில் சுவரோரமாக நிற்கும் வெந்நீர்ப் பெட்டி அறையைச் சூடாக்கும். அதன் மேற்பாகம் மட்டும் குளிர்ந்திருப்பின் உள்ளே காற்று அடைபட்டுள்ளது என்று பொருள். மூலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். அடிப்பாகம் குளிர்ந்திருப்பின் துருச்சேறு படிந்திருக்கக் கூடும்.

அம்பத்தூரில் அறையைச் சூடாக்க எவரும் விரும்பார். சித்திரை மாதமே அதனைச் செய்துவிடும். ஆயினும் மாணவர்களே, நம் மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்க் கலத்திலும் இதே இயல்புதான். தெற்கு நோக்கிச் சாய்ந்த தகட்டின் செப்புக் குழாய்களில் நீர் சூடேறி, அடர்த்தி குறைந்து, மேலுள்ள தொட்டிக்குத் தானே ஏறுகிறது; தொட்டியின் குளிர்நீர் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்புகிறது. பம்பு வேண்டுவதில்லை. இம்மெல்லிய ஓட்டத்தைத் தடுக்கச் சிறிது காற்றே போதும். அதற்காகவே தொட்டியின் உச்சியில் காற்றுப்போக்கிக் குழாய் நிமிர்ந்து நிற்கிறது.

நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரோ பல இடங்களில் கடினநீர். சூடேறுங்கால் அதிற் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கார்பனேட்டாகிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் அண்டாவில் காணும் வெள்ளைப் படிவும் அதுவே. அடைபட்ட குழாய் வெயிலில் வீணே காயும். அவ்வெப்பம் தொட்டியைச் சேராது. நீர்த்த அமிலம் இப்படிவைக் கரைக்கும். அதனைத் தொழிலறிந்தவர் செய்வதே முறை. இணைப்பைக் கழற்றுமுன் தகட்டைத் துணியால் மூடி ஆறவிடச் சொல்லுங்கள். உள்ளே தேங்கிய நீர் கொதிநிலையை நெருங்கியிருக்கக் கூடும்.